பெயர்ப் பலகையும் விலைப் பலகையும்



1953-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் இரயில் நிலையத்தில், கலைஞர் கருணாநிதி தலைமையில் தொண்டர் அணி ஒன்று திரண்டது. ஊரின் பெயர் கல்லக்குடி. ஊராரின் நாவில் வாழ்ந்ததும் கல்லக்குடி. ஆனால் நிலையத்துப் பலகையில் மட்டும் டால்மியாபுரம்! 1939-இல் அங்கே சிமெண்ட் ஆலை கண்ட வடநாட்டு முதலாளியின் பெயர், ஊரின் பெயரை விழுங்கிவிட்டு, வருகிற வண்டிகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றது. அந்தப் பலகையின்மீது கல்லக்குடி என்று எழுதிய தாளை ஒட்டினார்கள் தோழர்கள். ஒட்டிய கையோடு தண்டவாளத்தில் படுத்தார்கள். கைது வந்தது, சிறை வந்தது, துப்பாக்கிக் குண்டும் வந்தது, உயிர்களும் பலியாயின. இன்று அந்த நிலையத்தின் பலகையில் கல்லக்குடி என்ற பெயர் நிற்கிறது. எழுதியது இரயில்வே, எழுத வைத்தது மக்கள்.

ஒரு பலகைக்காகவா இத்தனை பாடு என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு; இன்றும் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் விடை எளியது. இரயில் நிலையம் என்பது பொதுமக்களின் வாயில். அந்த வாயிலில் எவன் பெயர் எழுதப்படுகிறது, எவன் கடை திறக்கிறான், எவன் துரத்தப்படுகிறான், வருகிற காசு எவன் பைக்குள் போகிறது என்பன எல்லாம் அரசியல் கேள்விகளே.

கல்லக்குடிக்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னால் நடந்த ஒன்றையும் நினைவூட்டுகிறேன். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணாள் என்றொரு பகுதி, இதராள் என்றொரு பகுதி இருந்த காலம் அது. வண்டி ஒன்று, தண்டவாளம் ஒன்று, பயணச்சீட்டு ஒரே விலை. பசி எடுத்தால் மட்டும் பிறப்புச் சான்று! தந்தை பெரியார் தொடுத்த கிளர்ச்சியின் பயனாய் 1941-இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. நிலையத்துக்குள் இருக்கும் கடை, குத்தகைக்காரரின் தனி உலகம் என்று விட்டுவிடாமல், அது பொது இடம், பொது நீதி அங்கே செல்லவேண்டும் என்று முதலில் முழங்கிய இயக்கம் இது.

இந்தப் பழைய ஏடுகளை இப்போது புரட்டுவானேன்? காரணம் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய இரயில்வே ஒரு கொள்கையை வெளியிட்டது. கட்டணம் அல்லாத வருவாய் என்பது அதன் பெயர். பயணச்சீட்டும் சரக்குக் கூலியும் தரும் பணம் போதவில்லை; ஆகவே நிலையத்துச் சுவர், வண்டியின் மேனி, நடைமேடையின் மூலை, பாலத்தின் முகப்பு அனைத்தையும் வாடகைக்கு விட்டுப் பொருள் ஈட்டுவது என்று முடிவு செய்தார்கள். வண்டி முழுவதும் ஒரு சோப்பின் படம் ஒட்டலாம். நடைமேடையில் வங்கியின் பணப்பொறி வைக்கலாம். ஊர்ப்புறச் சாலையைப் பார்த்த இரயில்வே நிலத்தில் பெரிய பெரிய தட்டிகள் நிறுத்தலாம். 2022-இல் இவற்றுக்கெல்லாம் மின்வழி ஏலம் வந்தது. எங்கோ ஓர் அறையில் அமர்ந்து, எந்த ஊர் நிலையத்தின் சுவரையும் எவரும் ஏலம் கேட்கலாம் என்ற நிலை பிறந்தது.

இதனைக் கேட்டவுடன் நம் தோழர்களில் சிலருக்கு நரம்பு முறுக்கேறும். "பொதுச் சொத்தைக் கூவி விற்கிறார்களே! ஒரு சாண் சுவரும் விடமாட்டோம் என்று கிளம்புவோமா?" என்பார்கள். உணர்ச்சியைப் பாராட்டுகிறேன், ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையின் மின்சார இரயிலில் விடியற்காலை ஏறுகிறவர்கள் யார்? தாம்பரத்துக்கு அப்பாலிருந்து கட்டட வேலைக்கு வரும் சித்தாள். திருநின்றவூரிலிருந்து கடைக்கு வரும் விற்பனைப் பெண். ஆவடியிலிருந்து கல்லூரிக்கு வரும் ஏழை மாணவன். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிய நாள்முதல், இந்நகரின் உழைப்பைச் சுமந்து திரிவது அந்த வண்டிதான். ஐந்து ரூபாய்ச் சீட்டும் பத்து ரூபாய்ச் சீட்டும் அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. பயணிக்காக 100 ரூபாய் செலவழித்தால் சராசரியாக 54 ரூபாய்தான் அவனிடமிருந்து வருகிறது என்று இரயில்வே அமைச்சகம் அண்மை ஆண்டுகளில் கணக்குக் காட்டி வருகிறது. மீதி எங்கிருந்தேனும் வந்தாகவேண்டும். சித்தாளின் சீட்டில் ஏற்றுவதைவிட, சோப்பு வணிகரின் சுவரொட்டியில் ஏற்றுவது நன்றல்லவா? செல்வனிடம் வாடகை வாங்கி ஏழையின் கட்டணத்தைக் காப்பது சமதர்மத்துக்கு முரணாகுமா? ஆகாது, தோழர்களே, ஆகாது! ஆகவே வாடகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த வாடகை யாரிடம் வாங்கப்படுகிறது, யாருக்காகச் செலவாகிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்கிறோம்.

உலகத்தைச் சற்றுப் பாருங்கள். ஜப்பானில் கொபயாஷி இச்சிசோ என்று ஒரு வணிகர் இருந்தார். 1910-இல் ஒசாகா நகரிலிருந்து சிற்றூர்களை நோக்கி ஓர் இரயில் பாதை போட்டார். வயலும் குன்றும் சூழ்ந்த பாதை. ஏற ஆள் இல்லை. அவர் என்ன செய்தார்? பாதையோரத்து நிலத்தில் வீடுகள் கட்டித் தவணைமுறையில் விற்றார். வீடு வாங்கியவர்கள் வண்டியில் ஏறினார்கள். பாதையின் ஒரு கோடியான தகராசுகாவில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். 1914-இல் அதன் முதல் காட்சி நடந்தது. நாடகம் பார்க்க ஊரார் வண்டி ஏறினர். மறுகோடியான உமேதா நிலையத்தில் 1929-இல் பேரங்காடி திறந்தார். இரயிலுக்காக நாடகம் பிறந்த விந்தையை எண்ணிப் பார்க்கையில், நாடகக்காரனாகிய எனக்குப் பொறாமையே வருகிறது! அவர் முதலாளிதான், இலாபத்துக்காகச் செய்தவர்தான். எனினும் ஓர் உண்மையை அவர் கண்டுகொண்டார். இரயில் வரும்போது நிலத்தின் மதிப்பு உயர்கிறது. உயரும் மதிப்பை யார் பிடித்துக்கொள்கிறாரோ அவரே இரயிலின் உண்மையான பயனாளர்.

ஆங்காங் நகரில் இதே உண்மையை அரசே பிடித்துக்கொண்டது. 1975-இல் அமைந்த அந்நகரத்து இரயில் நிறுவனத்தில், பிற்காலத்தில் பங்குகள் சந்தைக்கு வந்தபிறகும், ஏறத்தாழ முக்கால் பங்கு அரசின் கையிலேயே இருந்து வருகிறது. பாதை வருவதற்கு முன்பு நிலம் என்ன மதிப்போ அந்த மதிப்புக்கு நிலையத்தைச் சூழ்ந்த மனைகளின் உரிமையை இரயில் நிறுவனம் பெறும். கட்டடக்காரர்கள் மாடி எழுப்புவார்கள். இலாபத்தில் பங்கு இரயிலுக்கு வரும். அந்தப் பணம் புதிய பாதைக்குப் போகும். மனைத்தரகனின் மடியில் விழவேண்டிய பொன், மக்களின் தண்டவாளமாக மாறுகிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சென்னையில் கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் இரயில் போகிறதே, அதை அறியாதார் யார்? 1995-இல் சேப்பாக்கம் வரை ஓடியது, 1997-இல் திருமயிலையைத் தொட்டது, 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வந்து சேர இத்தனை காலம்! திருமயிலைக்கு அப்பாற்பட்ட இரண்டாம் கட்டத்துக்கு ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தது தமிழ்நாட்டு அரசு; அதாவது, நீங்களும் நானும். மூன்றில் ஒரு பங்கே இரயில்வேயின் பணம்.

அந்தப் பணத்தில் எழுந்த நிலையங்களைப் பார்த்தீர்களா? அரண்மனை தோற்கும் கூடங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரைகள். வணிகத்துக்கென்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட தளங்கள் அவற்றில் உண்டு. ஆனால் ஆண்டுக் கணக்கில் அந்தத் தளங்களில் பலவற்றில் குடியிருந்தவை புறாக்களும் ஒட்டடையுமே! திறவாத கதவு, எரியாத விளக்கு, ஆளில்லாப் படிக்கட்டு. இருட்டிய பிறகு அந்தக் கூடங்களின் வழியே தனியாக நடந்துவர வேலைக்குப் போகும் பெண்கள் அஞ்சினார்கள். ஒரு தேநீர்க் கடை, ஒரு மருந்துக் கடை, ஒரு புத்தகக் கடை திறந்திருந்தால் அங்கே வெளிச்சம் இருந்திருக்கும். நான்கு கண்கள் இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் நெஞ்சிலே துணிவு இருந்திருக்கும். கடை என்பது வாடகை மட்டும் தருவதில்லை, காவலும் தருகிறது. வாடகையையும் இழந்தோம், காவலையும் இழந்தோம்.

இதே காலத்தில் மராட்டியத்தில் நடந்தது என்ன? நவி மும்பையை உருவாக்க அம்மாநில அரசு சிட்கோ என்ற நிறுவனத்தை 1970-இல் அமைத்தது. புதுநகருக்கு இரயில் வேண்டுமென்று இரயில்வேயிடம் கேட்டார்கள். அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு மாநில நிறுவனத்தின் பணம். மூன்றில் ஒரு பங்கு இரயில்வேயின் பணம். ஆனால் வாஷி, பேலாப்பூர் நிலையங்களின் தலைமேல் அலுவலகங்களும் கடைகளும் சிட்கோவின் கையால் எழுந்தன. கணினி நிறுவனங்கள் குடியேறின; கீழே வண்டி ஓடியது, மேலே வாடகை ஓடியது. பங்குக் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே! பலன்மட்டும் ஏன் வேறாயிற்று? அங்கே, நிலையத்தை எழுப்பும்போதே அதன்மேல் எழுவது என்ன, எழுப்புவது யார், அனுபவிப்பது யார் என்று சேர்த்தே எண்ணினார்கள். இங்கே தூண்களை எண்ணினோம், துட்டை எண்ணவில்லை.

பறக்கும் இரயிலைச் சென்னை மெட்ரோ இரயில் நிறுவனத்துடன் இணைக்க இரயில்வே வாரியம் 2025-இல் கொள்கையளவில் இசைவு தந்தது. ஒன்றிய அரசும் மாநில அரசும் சரிபாதி பங்குகொண்ட நிறுவனம் அது. நிலையங்கள் கைமாறினால் விதிகளும் மாறும். குத்தகைகள் புதிதாக எழுதப்படும். எழுதும் வேளையில் எழுதுகோலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? விளம்பர நிறுவனத்தின் முகவர் நிற்பார். பேரங்காடி வணிகர் நிற்பார். மூன்றில் இரண்டு பங்கு பணம் கொடுத்த மக்களின் பக்கத்திலிருந்து நிற்பவர் யார்? அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நடைமேடைப் படிக்கட்டின் அடியில் நாள்தோறும் நடக்கும் காட்சி ஒன்றை, நாடகமாக எழுதினால் எப்படி இருக்கும்? கற்பனைதான், ஆனால் கண்டவர்கள் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

அதிகாரி: ஏம்மா! இங்கே உட்காரக்கூடாது என்று எத்தனை முறை சொல்வது?

பூக்காரி: ஒரு முறம் வைக்கிற இடந்தானே ஐயா! போகிறவர் வருகிறவர் காலில் இடறாமல் ஓரமாகத்தானே இருக்கிறேன்!

அதிகாரி: ஓரமோ நடுவோ, இது இரயில்வே நிலம். ஏலத்தில் எடுத்தாயா?

பூக்காரி: கோயம்பேட்டில் பூவைத்தான் ஐயா எடுத்தேன். உட்காருகிற இடத்தையுமா ஏலத்தில் எடுக்கவேண்டும்?

அதிகாரி: ஆமாம். கணினியிலே ஏலம். பதிவு செய்யவேண்டும்; முன்பணம் கட்டவேண்டும்.

பூக்காரி: அவ்வளவு பணம் என்னிடம் இருந்தால் நான் ஏன் ஐயா தரையில் உட்காருகிறேன்? அதோ, அந்தச் சுவர் முழுதும் ஒரு பெண் நிற்கிறாளே, தலை நிறைய மல்லிகையோடு! அவளை ஒருவரும் எழுப்பவில்லையே?

அதிகாரி: அது விளம்பரம். நிறுவனம் பணம் கட்டியிருக்கிறது.

பூக்காரி: படத்துப் பூவுக்கு இடமுண்டு, பறித்த பூவுக்கு இடமில்லை. நல்ல நியாயம் ஐயா!

திரை விழட்டும். சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள், சட்டத்தைப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் நிலையத்திலோ வண்டியிலோ பொருள் விற்பதைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதி வைத்தது. வெள்ளரிப் பிஞ்சு விற்றவன் சிறைக்கதவை எண்ணிப் பார்க்கவேண்டும்!

தெருவோர வியாபாரிகளைக் காக்க ஒரு சட்டம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, 2014-இல் வந்தது. நல்ல சட்டம். கணக்கெடுத்துச் சான்றிதழ் தராமல் எவரையும் விரட்டக்கூடாது என்றது. நகரந்தோறும் விற்பனைக் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்றது. ஆனால் அதே சட்டத்தின் முதல் பிரிவின் நான்காம் உட்பிரிவைப் படித்தீர்களா? இரயில்வேக்குச் சொந்தமான நிலம், கட்டடம், வண்டி ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது! நிலையத்து வாசற்படிக்கு வெளியே அந்தப் பூக்காரி உரிமை பெற்ற குடிமகள். ஓர் அடி உள்ளே வைத்தால் குற்றவாளி. ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அப்பால் நீதி கிடையாது என்று சொல்லும் வழக்கத்தை நாம் வேறு இடங்களில் கண்டதுண்டு, கண்டித்ததும் உண்டு.

பெரிய நிறுவனங்களுக்கு எப்படி? அதற்கும் விடை உண்டு. 2022 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. சரக்குப் போக்குவரத்து தொடர்பான பணிகளுக்கு இரயில்வே நிலத்தை 35 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். அதற்கான வாடகை, நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 1.5 விழுக்காடு. அதற்கு முன்பு இருந்த வீதம் 6 விழுக்காடு. வாடகை ஆண்டுதோறும் உயரும் என்ற விதியும் சேர்ந்தே வந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் தொடக்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி ரூபாய் பெறுமான நிலத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம்; திங்களுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. சரக்குக் கிடங்கு நாட்டுக்கு வேண்டும், தொழில் வளரவேண்டும்; இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெரியவனுக்கு 35 ஆண்டு உறுதி தரத் தெரிந்த அரசுக்கு, சிறியவளுக்கு 35 நாள் உறுதி தரத் தெரியாதா என்பதே என் கேள்வி.

தெரியும்! தெரியும் என்பதற்குச் சான்றும் அவர்களே தந்திருக்கிறார்கள். ஒரு நிலையம் ஒரு பொருள் என்ற திட்டம் 2022-இல் வந்தது. அந்தந்த வட்டாரத்துக் கைவினைஞர், நெசவாளர், மகளிர் குழுவினர் ஏலப் போட்டி இல்லாமல் சிறு தொகை கட்டி, முறைவைத்து நிலையத்தில் கடை போடலாம் என்றார்கள். மின்வழி ஏலத்திலும், ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய் வரையிலான ஒப்பந்தங்களுக்குப் பழைய வரவு செலவுக் கணக்குக் காட்டத் தேவையில்லை என்று கதவைச் சற்றே திறந்தார்கள். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஒரு கடைக்குச் செய்ய முடிந்ததை ஒரு வரிசைக்குச் செய்யுங்கள் என்கிறோம்.

பெயரின் கதை கல்லக்குடியோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? தில்லிக்குத் தெற்கே குருகிராமம். 2013-இல் அங்கே தனியார் கட்டிய நகர இரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. நிலையங்களின் பெயர்களைக் கேளுங்கள்: வோடஃபோன் பெல்வெடெர் டவர்ஸ், மைக்ரோமேக்ஸ் மௌல்சரி அவென்யூ, இண்டஸ்இண்ட் வங்கி சைபர் சிட்டி! தொலைபேசிக் கம்பெனியின் பெயரும், கைப்பேசிக் கம்பெனியின் பெயரும், வங்கியின் பெயரும் ஊர்ப்பெயரின் தலைமேல் ஏறி அமர்ந்தன. அந்த இரயிலை நடத்திய தனியார் நிறுவனமோ 2019-இல் விலகிக்கொண்டது; தில்லி மெட்ரோ வந்து வண்டியை ஓட்டவேண்டியதாயிற்று. கம்பெனி இன்று இருக்கும், நாளை நொடிக்கும், பெயரை மாற்றிக்கொள்ளும், வேறொருவனுக்கு விலையாகும். ஊர் அப்படியா? திருமயிலை என்ற பெயர் எத்தனை அரசர்களைக் கண்டது, எத்தனை கம்பெனிகளைக் கண்டது! அந்தப் பெயரின் முன்னால் ஒரு பற்பசையின் பெயரைத் தொங்கவிட்டால் நாம் பொறுப்போமா? ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்காக ஐந்நூறு ஆண்டுப் பெயரை அடகு வைப்போமா?

சுவர்களைப் பற்றியும் ஒரு சொல். 1967-இல் பேரறிஞர் அண்ணாவின் தலைமையில் அமைந்த ஆட்சிக்குப்பின், அரசுப் பேருந்துகளுக்குள் வள்ளுவரும் குறளும் ஏறி அமர்ந்தார்கள். அந்த இடத்தை ஒரு தலைவலி மாத்திரைக்காரருக்கு விற்றிருக்கலாம்; காசு வந்திருக்கும். காசைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று அறிந்த ஆட்சி, பேருந்தைப் பள்ளிக்கூடமாக்கியது. பள்ளிக்குப் போகாத நடத்துநரின் மகனும், சந்தைக்குப் போகும் உழவனும் குறள் கற்றது அங்கேதான். 1986-இல் இலண்டன் மாநகரத்துப் பாதாள இரயிலில், விளம்பரம் ஒட்டும் இடங்கள் சிலவற்றில் கவிதைகளை ஒட்டத் தொடங்கினார்கள். உலகின் பழமையான பாதாள இரயிலுக்குத் தோன்றிய எண்ணம், நம் பேருந்துக்குப் பல ஆண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது! அந்த மரபைத் தண்டவாளத்தின்மேலும் ஏற்றவேண்டும். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்ற விதி உண்டு. கடைக்கு உள்ள விதி, கடையைவிடப் பத்து மடங்கு பெரிய விளம்பரத் தட்டிக்கு வேண்டாமா?

ஆக, நாம் கேட்பவை ஐந்து.

முதலாவது, நிலையத்தின் பெயர் விற்பனைக்கு இல்லை என்று எழுத்திலே வேண்டும். சுவரை வாடகைக்கு விடலாம், முகவரியை விடக்கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு நிலையத்திலும் கடைக்கென உள்ள இடத்தில் ஒரு பங்கு, ஏலத்துக்கு அப்பாற்பட்டு, நிலையான சிறு வாடகைக்குச் சிறு வியாபாரிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ஒதுக்கப்படவேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரயில்வே நிலத்துக்குத் தந்த விலக்கை நீக்க நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் எழுப்பவேண்டும்.

மூன்றாவது, விளம்பரத் தட்டிகளில் தமிழ் முதன்மை பெறவேண்டும். பத்துத் தட்டிக்கு ஒன்று, குறளுக்கும் நூலகச் செய்திக்கும் குருதிக்கொடை அழைப்புக்கும் ஊர் நாடகக் குழுவின் அறிவிப்புக்கும் கட்டணமின்றித் தரப்படவேண்டும்.

நான்காவது, வழி. வாடகைக்கு விடுகிற ஆசையில் நடைபாதையைச் சுருக்கக்கூடாது. தட்டி நிறுத்துவதற்காகச் சாய்தளத்தை மறைப்பதும், கடைக்கு வாடிக்கை சேர்ப்பதற்காகப் பயணியைச் சுற்றி நடக்க வைப்பதும், பக்கத்துக் குடியிருப்பார் காலங்காலமாக நடந்த பாதையை மாற்றுவழி தராமல் சுவரெழுப்பி மூடுவதும் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு நேர்வழி இல்லாத நிலையத்தில் வணிகர்க்கு மட்டும் இராசபாட்டை எதற்கு?

ஐந்தாவது, கணக்கு. இந்த நிலையத்தில் விளம்பரத்தால் இவ்வளவு வரவு, கடைகளால் இவ்வளவு வரவு. இந்த ஆண்டு கழிப்பறைக்கு இவ்வளவு, மின்தூக்கிக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு செலவு என்று ஒரு பலகை நிலையத்து வாயிலில் தொங்கவேண்டும். எல்லார் பொருளுக்கும் இடம் தரும் சுவர், மக்கள் கணக்குக்கு ஓர் அடி இடம் தரக்கூடாதா?

"இரயில்வே ஒன்றிய அரசின் உடைமை; நாம் கத்தி என்ன பயன்?" என்று சோர்ந்து பேசுவோர்க்கு ஒன்று சொல்வேன். சிற்றுண்டிச் சாலைப் பிரிவினையும் டால்மியாபுரப் பலகையும் நம் கையில் ஆட்சி இல்லாத காலத்து வழக்குகள். ஆட்சி கையில் இருந்தால் ஆணை பிறப்பிக்கலாம். இல்லாவிட்டால் அறிவைக் கொண்டு போராடலாம். இன்று தண்டவாளத்தில் படுக்கச் சொல்லவில்லை நான். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்கிறேன்.

நிலையம் உள்ள ஒவ்வொரு பகுதியின் கிளைத் தோழர்களும் வரும் வாரத்தில் நால்வராகச் செல்லுங்கள். தட்டிகள் எத்தனை, அவற்றில் தமிழ் பேசுவன எத்தனை என்று எண்ணுங்கள். பூட்டிய கடை எத்தனை, திறந்த கடை எத்தனை? தரையில் அமர்ந்து விற்போர் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக, எத்தனை முறை விரட்டப்பட்டார்கள் என்று அவர்களிடமே பணிவோடு கேட்டு எழுதுங்கள். அவர்கள் நம்மைக் கண்டு அஞ்சக்கூடாது. நாம் அவர்களுக்காக வந்தவர்கள் என்பது நம் பேச்சிலே தெரியவேண்டும். குத்தகை எவருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 2005-இல் வந்த அந்தச் சட்டம் இரயில்வேக்கும் பொருந்தும். கிடைத்த விவரத்தைக் கோட்டப் பயணிகள் ஆலோசனைக் குழுவுக்கும், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒரு படியை நிலையத்துக்கு எதிரே நமது படிப்பகத்தின் சுவரில் ஒட்டுங்கள். வண்டிக்குக் காத்திருப்போர் படிக்கட்டும்.

குத்தகைத் தாளில் ஒரு முறை மை காய்ந்துவிட்டால், 35 ஆண்டு காத்திருக்கவேண்டும். அதற்குள் இன்றைய பூக்காரியின் பேத்திக்கே நரை விழத் தொடங்கிவிடும். மை காய்வதற்கு முன்பே புறப்படுங்கள்!